உதட்டில் ஆறாத வெடிப்பு

கேள்வி: கொழுந்து பறிக்கும் வேலை எனக்கு. மார்கழி வந்தாலே உதட்டோரம் வெடித்துப் புண்ணாகிறது. கீழ் உதட்டில் வெள்ளையாக ஒரு திட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேவிகுளம்

பதில்: மலைக்குளிரில் உதடு வறளும். எச்சிலால் நனைக்காதீர்கள், வெடிப்பு கூடும். வாசலின் தடவுங்கள். ஓரப்புண் இரும்புச்சத்து, பி2 வைட்டமின் குறைவாலோ பூஞ்சைத் தொற்றாலோ வரலாம். கீரை, முட்டை, மோர் சேருங்கள்; ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

என் கவலையெல்லாம் அந்த வெள்ளைத் திட்டுதான், சகோதரி. வெற்றிலையோடு புகையிலை போடுவதானால் இன்றே விடுங்கள். 2 வாரத்துக்கு மேல் மாறாத திட்டு புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அப்போது பெரும்பாலும் வலியே தெரியாது. கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் பயந்து திரும்பிவிடாதீர்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும்.