மேய்ச்சல் குடிகளும் தொண்டு நிறுவனங்களும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சிற்றாறு பெருகும். சிற்றாறு பெருகினால் தென்காசி வயல்களில் கார்ப் பயிர் செழிக்கும். இது நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. ஆனால், பிசான அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் நாட்களில் மண்ணுக்கு உரமூட்டுபவர் யார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவர் கிடை போடும் ஆட்டுக்காரர். அவர் வாழ்வு தளர்ந்தால் நம் வேளாண்மையும் தளரும். ஆகவே, மேய்ச்சல் தொழிலின் முன்னேற்றத்தில் தொண்டு நிறுவனங்களுக்குள்ள பங்கு யாது என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

கிடையின் பயன்

பகலில் தரிசிலும் அறுத்த தாளிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் அடைத்து வைப்பதே கிடை. புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணில் இறங்குகிறது. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சிறுநீரில் மிகுதி. கொட்டிலில் அடைத்து வளர்த்தால் அதிற் பெரும்பகுதி வீணாகும். கிடைக்கு வண்டிக் கூலியும் சுமை கூலியும் இல்லை. கிடை பெயர்ந்தவுடன் மேலாக உழுது மூடினால் சத்து காற்றோடு போகாது.

இடர்ப்பாடுகள்

தரிசு நிலங்கள் மனைகளாகின்றன; மேய்ச்சல் வெளி குறுகுகிறது. காட்டிலும் கட்டுப்பாடு வந்துள்ளது. 2022 மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது; பின்னர் அம்மாதத்திலேயே அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றின் அளவில் நிறுத்திற்று. காட்டைக் காப்பதை நாம் குறை கூறலாகாது. சிற்றாறே அக்காட்டின் கொடையன்றோ! ஆயினும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பரின் பருவகால மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்றுள்ளது. பழங்குடியல்லாதார் அவ்வுரிமையைக் கோர, 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன் 75 ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஊர் ஊராய் நடக்கும் எளியவர் அதற்கான பழைய அனுமதிச் சீட்டுகளை எங்கே தேடுவார்? முதியோர் வாக்குமூலத்தை யார் எழுதிக் கொடுப்பார்? இங்கேதான் தொண்டு நிறுவனத்தின் வேலை தொடங்குகிறது.

மதுரை காட்டிய வழி

மதுரையிலுள்ள ‘சேவா’ என்னும் தொண்டு நிறுவனம் மேய்ப்பரோடு இருந்து, அவர்தம் முறைகளையும் கால்நடை இனங்களையும் பதிவு செய்தது. புலிக்குளம் மாடு அவற்றுள் ஒன்று. அது 2012இல் தேசிய அளவில் தனி இனமாகப் பதிவாயிற்று. பெயரில்லாத மாட்டுக்கு அரசாங்கத் திட்டத்தில் இடமில்லை. பெயர் பெற்றபின் அதை வளர்ப்பவரையும் அரசாங்கம் காண்கிறது. இலவசமாக வெளி இன ஆடுகளை வழங்கி, படம் எடுத்துச் செல்வதைவிட இது பெரிய தொண்டு என்பது நம் கருத்து. நம் திருநெல்வேலிச் சீமையின் செவ்வாடும் கீழக்கரிசல் ஆடும் நெடுவழி நடந்து வெயில் தாங்குபவை. அவற்றை வளர்ப்போருக்கும் இத்தகைய துணை வேண்டும்.

கச்சின் படிப்பினை

குஜராத்தின் கச்சுப் பகுதி இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே ‘சகஜீவன்’ என்னும் நிறுவனத்தின் துணையோடு மேய்ப்பர்கள் தங்களுக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். பன்னி எருமை 2010இலும், கடல்நீரில் நீந்தி மேயும் காராய் ஒட்டகம் 2015இலும் தனி இனங்களாக ஏற்கப்பட்டன. 2016இல் ஒட்டகப் பாலுக்குத் தர விதி வகுக்கப்பட்டது. 2019இல் கூட்டுறவு அமைப்பான அமுல் அப்பாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனம் வழி காட்டியது. சங்கம் உரிமை பேசியது. கூட்டுறவு விலை பெற்றுத் தந்தது. இம்மூன்றும் இந்த வரிசையில் அமைந்ததே வெற்றியின் காரணம்.

நாம் செய்ய வேண்டுவது

தொண்டு நிறுவனம் ஊன்றுகோல் போன்றது. நடக்க வேண்டியவை நம் கால்களே. நன்கொடை நின்றால் நிறுவனம் பெயர்ந்துவிடும். சங்கமோ ஊரில் நிற்கும். முதலாளியிடம் தனித்து நின்று நூல் வாங்கிய நாளில் நெசவாளர் பட்ட பாட்டை நம் மூத்த அங்கத்தினர் அறிவர். தனித்து நிற்கும் கிடைகாரர் நிலையும் அதுவே. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பருக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. உலகம் நினைக்கும் அவரை, அவர் உரத்தால் விளையும் நெல்லை உண்ணும் நாம் மறக்கலாமா?

படிப்பு வட்டத்திற்குச் சில வினாக்கள்

1. நம் ஊருக்குக் கிடை போட வருவோர் எவ்வூரினர்? எவ்வழியாக வருகின்றனர்?

2. கிடைக் கூலியைச் சங்கத்தின் வழியாகப் பேசி, காலத்தில் கொடுக்க இயலுமா?

3. அவர்களிடமுள்ள பழைய மேய்ச்சல் சீட்டுகளைத் தொகுத்துக் கிராம சபையில் வைக்க நம்முள் யார் முன்வருவார்?