பழைய டாடா எஸ்டேட்டுக்கு வேற எஞ்சின்: போடிமெட்டு ஏறுறதுக்கு முன்னாடி ஆர்.சி-யைப் படிங்க!



போன மாசம் போடிநாயக்கனூர்க்காரத் தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். சென்னையில ஐ.டி. வேலை, கைக்கு மாசம் 58,000 ரூபாய். மலையில குடும்பத்துக்கு ஏலத்தோட்டம் இருக்கு. மறைந்த தாத்தா வாங்கின 1994 மாடல் டாடா எஸ்டேட் ஊர்ல ஷெட்ல நிக்குது.

"அண்ணே, வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்குது. சஃபாரியோட 2.2 டைகார் எஞ்சின் ஒண்ணு கிடைச்சிருக்கு. மாட்டிக் கொடுக்க எல்லாம் சேர்த்து 3 லட்சம். பர்சனல் லோன் போடலாமா? 20,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

பழைய வண்டி மேல ஆசை தப்பே இல்லை. ஆனா கணக்கு போட்டுட்டு ஆசைப்படணும். வாங்க, போடுவோம்.

வண்டி ஏன் திணறுது?

1992-ல வந்த டாடா எஸ்டேட், நம்ம நாட்டுல தயாரான அபூர்வமான டீசல் ஸ்டேஷன் வேகன். அதுல இருந்தது 1948 சி.சி. எஞ்சின், சுமார் 68 குதிரைத்திறன், டர்போ கிடையாது. போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். மேலே போகப் போகக் காத்து மெலிசாகும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். அப்போ மெட்டுக்குப் போய்ச் சேரும்போது 68-ல கிட்டத்தட்ட 59 தான் மிச்சம். அதுவும் எஞ்சின் நல்லா இருந்தா! 30 வருஷத் தேய்மானம், சரியா அடிக்காத நாசில், பழைய பம்ப் எல்லாம் சேர்ந்தா இன்னும் குறையும்.

2.2 டைகார்ல 140 குதிரைத்திறன் வரை உண்டு. இரண்டு மடங்கு! ஆனா அந்த சக்தியைத் தாங்க வேண்டியது பழைய கியர்பாக்ஸ், பழைய ஆக்சில், பழைய பிரேக். ஏறின வண்டி அதே கொண்டை ஊசி வளைவுகள்ல இறங்கியும் ஆகணும். பிரேக், கியர்பாக்ஸ் செலவு அந்த 3 லட்சத்துல இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா, ஆர்.சி-யில இருக்குற விஷயங்களை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை 6 மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும்.

அதே கம்பெனி, அதே வகை எஞ்சின்னா விஷயம் வேற. ஆர்.டி.ஓ. கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கி மாத்தணும். மாத்தின 14 நாளுக்குள்ள தகவல் கொடுத்து ஆர்.சி-யில பதியணும்.

"யாரு பார்க்கப் போறா?"ன்னு தம்பி கேட்டார். மூணு பேர் பார்ப்பாங்க.

1. ஆர்.டி.ஓ. 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். 1994 வண்டிக்கு அடுத்தது 2029. 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாய் ஆயிடுச்சு. அதைக் கட்டிட்டு நிக்கும்போது எஞ்சின் நம்பர் பொருந்தலைன்னா?
2. இன்சூரன்ஸ் கம்பெனி. சொல்லாம எஞ்சின் மாத்தினா, க்ளைமை மறுக்க நாமளே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம். மலைப்பாதையில ஒரு விபத்துன்னா இழப்பீடு லட்சக்கணக்குல போகும். அது உங்க சம்பளத்துல வந்து நிக்கலாம். மொத்தக் கணக்குலயும் பெரிய ரிஸ்க் இதுதான்.
3. நாளைக்கு வண்டியை வாங்க வர்றவர். பேப்பர் சரியில்லாத வண்டிக்கு இரும்பு விலைதான் பேசுவார்.

இன்னொண்ணு. 2021 விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். ஆனா சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது. இந்த எஸ்டேட்டுக்கு 2044-ல அந்தத் தகுதி வரும். இன்னைக்கு எஞ்சினை மாத்தினா அது அப்பவே போச்சு.

இப்போ பணக்கணக்கு

3 லட்சம் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு வச்சுக்குவோம்.

- இ.எம்.ஐ.: 10,253 ரூபாய்
- மொத்தம் கட்டுறது: 3,69,108 ரூபாய்
- வட்டி மட்டும்: 69,108 ரூபாய்

"மைலேஜ்ல மிச்சம் பிடிச்சிடலாம்"னு ஒரு வாதம் எப்பவும் வரும். வருஷம் 5,000 கி.மீ. ஓட்டுறார். லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தது 13 ஆகுதுன்னு தாராளமாவே வைப்போம். 500 லிட்டர் 385 ஆகும். டீசல் 92 ரூபாய்னா வருஷத்துக்குச் சுமார் 10,600 மிச்சம். போட்ட 3.69 லட்சம் திரும்பி வர கிட்டத்தட்ட 35 வருஷம் ஆகும்!

சம்பளக்காரங்களுக்கு இந்த வட்டியில வரிச்சலுகையும் இல்லை, சொந்த உபயோகக் காருக்குத் தேய்மானக் கழிவும் இல்லை.

அப்போ என்னதான் பண்றது?

இருக்குற எஞ்சினையே முழுசா பிரிச்சு வேலை பார்க்கலாம். பிஸ்டன், ரிங், பேரிங், பம்ப் காலிபரேஷன், நாசில், ரேடியேட்டர். எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்.சி-யைத் தொட வேண்டாம். தம்பிக்கு வந்த எஸ்டிமேட் 95,000. மாசம் 12,000 ஒதுக்கினா 8 மாசத்துல 96,000. லோனே வேண்டாம்.

140 குதிரை வராதுதான். ஆனா கம்பெனியில இருந்து வந்தப்போ இருந்த பலம் பெருமளவு திரும்பும்.

பழைய வண்டியில காசு போடுறதுக்கு முன்னாடி:

- ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? இறந்த தாத்தா பேர்ல இருந்தா முதல்ல ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாத்துங்க.
- ஆர்.சி., இன்சூரன்ஸ், பசுமை வரி மூணும் நடப்புல இருக்கா?
- எஞ்சின், சேசிஸ் நம்பரை நேர்ல பார்த்து ஆர்.சி-யோட ஒப்பிட்டீங்களா?
- அனுமதியோட எஞ்சின் மாத்துறதா இருந்தாலும், எஞ்சின் நம்பர் போட்ட பில் இருக்கா? பில் இல்லாத எஞ்சின் எங்கிருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியும்?
- 6 மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கா? இல்லைன்னா ஷெட் கதவைச் சாத்திட்டு அதை முதல்ல சேருங்க.

தம்பிக்குக் கடைசி வரைக்கும் உறுத்தினது ஒண்ணுதான்: "அப்போ அந்த 20,000 அட்வான்ஸ்? திருப்பித் தர மாட்டேங்கிறாங்களே அண்ணே."

போனது போனதுதான். அந்த 20,000-ஐக் காப்பாத்துறேன்னு 3.69 லட்சத்தைக் கொண்டுபோய்ப் போடுறதுதான் உண்மையான நஷ்டம். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "தாத்தா ஓட்டினப்போ இதே எஞ்சின்தானே அண்ணே மெட்டு ஏறுச்சு"ன்னார்.

ஆமா, அதே எஞ்சின்தான். செகண்ட் கியர்ல, மெதுவா.

உங்க வீட்டு ஷெட்லயும் இப்படி ஒரு வண்டி நிக்குதா? கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோல அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.