நடக்க இயலாத முதிய நாயைப் பராமரித்தல்



கால்நடை பற்றிய பாடங்களில் பசு, ஆடு, கோழி பற்றியே பெரும்பாலும் பேசுவது வழக்கம். நாய்க்கும் ஒரு பாடமா என்று உங்களிற் சிலர் சிரிக்கக்கூடும். ஆயினும் அண்மையில் ஒரு குடும்பத்தினர் எம்மிடம் கேட்ட கேள்வி இதை எழுதவைத்தது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. நலன்புரி நிலையத்தில் பல்லாண்டுகள் இருந்து, பின் உறவினர் காணியில் கொட்டில் போட்டு வாழ்ந்து, கடைசியில் சொந்தக் காணி விடுபட்டதும் அங்கு போக ஆயத்தமானார்கள். வீட்டு நாய்க்கு வயது 12. பின்னங்கால்கள் இரண்டும் இழுபட்டன.

"பாதர், வளவு முழுக்கப் பற்றை. கிணறும் இன்னும் இறைக்கேல்லை. இதையும் தூக்கிக்கொண்டு போறதோ, இஞ்சையே விட்டிட்டுப் போறதோ?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

அவர் இரக்கமற்றவர் அல்லர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த சனத்தின் பின்னால் எத்தனையோ நாய்கள் ஓடிவந்தன. சிறுவராய் நடந்த நாமும் கண்டோம். கட்டை அவிழ்த்து விடுவதைத் தவிர அன்று எவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் இன்று பொருள் ஏற்ற லான்ட்மாஸ்டர் வருகின்றது, போகும் நாளும் எம் கையில் இருக்கின்றது. நடக்கும் நாயை விட்டுச்சென்றால் அது அயலில் இரந்தாவது பிழைக்கும். நடக்க முடியாத நாய் தண்ணீருக்கே போகமாட்டாது. எனவே கொண்டுபோகும்படியே சொன்னோம். எப்படிப் பராமரிப்பது என்று அவர் அடுத்துக் கேட்டதற்கான விடைதான் இப்பாடம்.

முதலில், கால் எவ்வாறு விழுந்தது என்பதைப் பாருங்கள். பல மாதங்களாக எழும்பச் சிரமப்பட்டு, மார்கழி, தைப் பனியில் கூடுதலாக நொண்டி, வெயில் ஏறியதும் சற்று இலகுவாக நடக்கும் நாய்க்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்வே காரணம். அது மாறாது, ஆனால் பராமரிக்கலாம். ஓரிரு நாளில் திடீரெனக் கால் விழுந்தால் அது முதுமை அன்று. வாகனம் தட்டியிருக்கலாம், முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் வற்றிச் சோர்ந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலானால் முரசு வெளிறியிருக்கும். கால்நடை வைத்தியரிடம் தாமதியாமல் காட்டினால் பல நாய்கள் தேறும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. விசர்நாய் நோய் எப்போதும் வெறிபிடித்துக் கடிப்பதாக வருவதில்லை. கால் தளர்ந்து, கீழ்த்தாடை தொங்கி, வாய்நீர் வடிந்து, குரல் மாறி, மூலையில் ஒடுங்கிக் கிடப்பதாகவும் வரும். தொண்டையில் முள்ளுக் குத்திவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவோர் உண்டு. ஒருபோதும் அப்படிச் செய்யவேண்டாம். கடியோ வாய்நீரோ பட்ட காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். நாய்களுக்கான தடுப்பூசியும் இலவசமாகவே போடப்படுகின்றது. கிழட்டு நாய்தானே என்று அதை விட்டுவிடக் கூடாது.

இனி, படுக்கை. புதிய வீடுகளில் சீமெந்துத் தரையை மினுக்கி விடுகின்றோம். எமக்கு அது அழகு. மண்தரையில் வளர்ந்த கிழ நாய்க்கோ அது வழுக்குப்பாறை. ஒருமுறை கால் விரிந்து விழுந்த நாய் அடுத்தமுறை எழும்பவே பயப்படும். அது நடக்கும் வழியில் பழைய சணல் சாக்கை விரித்து, ஓரங்களில் கல் வையுங்கள். உரப்பை கூடாது, அது வழுக்குவதோடு வியர்க்கவும் செய்யும். படுக்கைக்கு, சாக்கினுள் வைக்கோலோ தும்போ நிரப்பி நான்கு விரற்கடை உயரத்துக்கு மெத்தையாக்கலாம். மாரியில் தரை ஈரம் ஏறாதபடி அடியில் இரண்டு பலகை போட்டு, வாடைக்காற்றுப் படாத பக்கமாக வைக்கவும். நகம் நீண்டாலும் கால் வழுக்கும். நுனியை மாத்திரம் வெட்டுங்கள், உள்ளே இரத்தக்குழாய் உண்டு.

முற்றாக எழும்பாத நாயை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறுபக்கம் புரட்டிவிட வேண்டும். இரவில் படுக்கப்போகும்போதும் விடியவும் புரட்டினால், இடையில் ஒரு தடவை எழும்பினாற் போதும். புரட்டாவிட்டால் இடுப்பிலும் முழங்கையிலும் தோல் அழுகிப் புண் வரும். எம் வெயிலில் அந்தப் புண்ணில் இலையான் முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழு நெளியும். கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, இலையான் மொய்க்காமல் பாதுகாத்து, வைத்தியரிடம் காட்டவும். சலத்தில் நனைந்த பின்பக்கத்தை அன்றன்றே கழுவித் துடைக்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகள்தான் பொறுமையாகச் செய்கின்றார்கள் என்பது எமது அனுபவம். செய்தபின் கை கழுவ வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

நாயைத் தூக்கி நிறுத்தப் பழைய சாரம் ஒன்று போதும். அதை நீளமாக மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் கீழ் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்தால் பின்பாரத்தை நாம் தாங்க, அது முன்னங்காலால் நடக்கும். ஆண் நாயானால் சலம் போகும் இடத்தை அமத்தாமல் பார்த்துக்கொள்ளவும். ஒரே தடவையில் நெடுந்தூரம் நடத்துவதிலும், நாளுக்கு மூன்று தடவை சிறிது சிறிதாக நடத்துவது நல்லது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாம். பிளாஸ்டிக் குழாயிலும் பழைய சில்லிலும் சிறிய வண்டியொன்று கட்டுவது எமக்குப் பெரிய காரியமா? முன்னங்கால் பலமான நாய்க்கு அது உதவும். கால்மணி நேரத்துக்கு மேல் பூட்டி வைக்காமல், தோல் உரசுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். கிழ நாய்க்குப் பல் தேய்ந்திருக்கும். சோற்றைக் குழைத்து, அவித்து முள்ளெடுத்த சூடை மீனோ முட்டையோ சேர்த்து, இரு வேளையாகக் கொடுக்கவும். உடம்பு பருத்தால் மூட்டு மேலும் நோகும். தண்ணீர் அதன் வாய்க்கு எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். வெங்காயம் செய்யும் எம்மவர் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று: வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். மிஞ்சிய குழம்புச் சோற்றிலும் சம்பலிலும் அதுதானே நிறைய இருக்கின்றது. நாய்க்கு ஒரு பிடி சோற்றைக் கறி சேர்க்குமுன் புறம்பாக எடுத்துவைப்பது கடினமல்ல.

மருந்தில்தான் நாம் கூடுதலாகப் பிழை விடுகின்றோம். நோவுக்கு நாம் போடும் குளிசைகளை, பனடோல், புரூபன், டைக்குளோபினாக் எதுவாயினும், நாய்க்குக் கொடுக்க வேண்டாம். ஈரல், சிறுநீரகம், குடல் பழுதாகிச் சாகக்கூடும். நாய்க்கென நோக்குறைக்கும் மருந்து உண்டு. அதை நிறை பார்த்து வைத்தியரே தரவேண்டும். உண்ணி போகப் பயிருக்கு அடிக்கும் மருந்தைக் கலக்கி ஊற்றுவதும், சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவதும் அதேயளவு ஆபத்து. நாய் உடம்பை நக்கும் பிராணி, பூசியதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தொடையைத் தேய்த்து, மூட்டை மெதுவாகப் பத்துத் தடவை மடக்கி நீட்டுவதில் கெடுதல் இல்லை.

குடிபெயரும் நாளில் நாயைக் கடைசியாக ஏற்றவும். பழைய போர்வையில் கிடத்தி, இருவர் நான்கு மூலைகளிலும் பிடித்துத் தூக்குங்கள். நோவுள்ள நாய் வளர்த்தவனையே கடிக்கும், ஆதலால் தூக்கும் நேரத்துக்கு மாத்திரம் வாயைத் துணிப்பட்டியால் சுற்றலாம். பழைய படுக்கைச் சாக்கைக் கழுவாமல் கொண்டுபோங்கள். புதிய இடத்தில் அதற்குத் தெரிந்தது அந்த மணம் ஒன்றுதான். துப்புரவாக்காத காணியில் அதை அலையவிட வேண்டாம். வெடிபொருள் ஏதும் கண்டால் நீங்களும் தொடாமல் உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

எல்லாம் செய்தும், தின்னாமல், குடிக்காமல், ஆளை அறியாமல், இரவு முழுக்க அனுங்கும் நிலை வரலாம். அப்போது வைத்தியரை அழைத்து ஊசியால் அமைதியாக முடித்துவைப்பதைப் பாவமென்று நாம் கருதவில்லை. சோற்றில் நஞ்சு வைப்பதும், தூரத்துச் சந்தியில் கொண்டுபோய் இறக்கிவிடுவதுமே கொடுமை. இறந்தபின் கிணற்றிலிருந்து இயன்றளவு தள்ளி ஆழமாகப் புதையுங்கள். எம் நிலத்தின் கீழ் சுண்ணக்கல், மேலே இட்டது எதுவும் விரைவில் நன்னீரைச் சேரும்.

மேற்சொன்ன குடும்பத்துக்கு அந்தக் குழி இன்னும் தேவைப்படவில்லை. சென்ற மாதம் போனோம். பற்றை வெட்டிய இடத்தில் மிளகாய்க் கன்று நட்டிருந்தார்கள். நாய் வேப்பமரத்தின் கீழ் சாக்கில் படுத்திருந்து, எம் மோட்டார் சைக்கிளைக் கண்டு எழும்பாமலே குரைத்தது.