லைக்கை வைத்து ஆளை எடைபோடாதே

அன்புள்ள மருமகளே,

முகநூலைப் படித்து ஒருவரின் குணத்தைச் சொல்லும் நிரலை எழுதி, வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக எழுது. விற்கிற பேச்சை மட்டும் கொஞ்சம் தள்ளி வை.

நீ எங்கே அவசரப்படுவாய் என்று எனக்குத் தெரியாதா? 2013-ல் கொசின்ஸ்கி, ஸ்டில்வெல், கிரேப்பெல் மூவரும் வெளியிட்ட கட்டுரையைப் படித்திருப்பாய். அமெரிக்காவில் 58,000-க்கும் மேற்பட்டவர்களின் லைக்குகளை மட்டும் வைத்து, ஜனநாயகக் கட்சிக்காரர் யார், குடியரசுக் கட்சிக்காரர் யார் என்று 85 சதவீதம் பிரித்துக் காட்டினார்கள். உடனே, “நூறு பேரில் 85 பேரைச் சரியாகச் சொல்கிறது” என்று எழுதி வைத்திருப்பாய். அப்படி இல்லையம்மா. கட்சிக்கு ஒருவராக இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தினால், யார் எந்தக் கட்சி என்று நூற்றுக்கு 85 முறை சரியாகச் சொல்லும் என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். உன்னிடம் வேலை கேட்டு வருபவர் அப்படி ஜோடியாக வரமாட்டார், தனியாகத்தான் வருவார்.

குணத்துக்கு வந்தால் பிடி இன்னும் தளர்கிறது. புதியதை நாடும் இயல்புக்குக் கிடைத்த ஒட்டுறவுக் கெழு 0.43. அந்தக் கட்டுரை பார்த்த ஐந்து ஆளுமைக் குணங்களில் அதுதான் அதிகம். அதை அதனாலேயே பெருக்கிப் பார், 0.18 வரும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட லைக்குகள் விளக்கவில்லை. அந்தக் குணமும் எங்கிருந்து வந்தது? வினாத்தாளில் அவரவர் தம்மைப் பற்றித் தாமே டிக் அடித்ததிலிருந்து.

“300 லைக் இருந்தால் வாழ்க்கைத் துணையைவிடக் கணினி நன்றாகக் கணிக்கும் என்று 2015-ல் சொன்னார்களே மாமா?” என்பாய். சொன்னார்கள். அங்கேயும் உரைகல் அதே போன்ற வினாத்தாள்தான். ஒட்டுறவு கணினிக்கு 0.56, மனிதர்களுக்குச் சராசரியாக 0.49. இந்த இடைவெளியை நம்பி ஒரு பிள்ளையின் வேலையைப் பறிப்பாயா?

குணம் இருக்கட்டும், பதிவில் உள்ள உணர்வைக் கண்டறிவதும் நம் மொழியில் லேசில்லை. 2020-ல் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கருத்துகளைத் திரட்டி, ஆட்களை வைத்து வகை பிரித்தார்கள். ‘கலவையான உணர்வு’ என்றும் ‘தெரியவில்லை’ என்றும் தனி வகைகள் வைக்க வேண்டியிருந்தது. அத்தனையும் சினிமா முன்னோட்டங்களுக்கு வந்தவை. “நல்லா எடுத்திருக்காங்க” என்பது பாராட்டா, நக்கலா என்று நாமே படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதில் பழகிய நிரலிடம், அம்மாவை இழந்தவள் எழுதிய பதிவைக் கொடுத்து மனநிலை கேட்காதே.

இப்படிப்பட்ட நிரலுக்கு வேறு நல்ல வேலை உண்டு. ஒரு ஊரில் குடிநீரைப் பற்றிய புகார் இந்த மாதம் கூடியதா, குறைந்ததா என்று பார். ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமான பிழை பெரிதாக உறுத்தாது.

பொதுவெளியில் கிடப்பதை எடுத்தால் என்ன என்று மட்டும் வாதாடாதே. முகநூல் பயனர்களின் தரவு ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போன கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரத்தில், குணத்தேர்வுச் செயலியில் சேர்ந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களின் நண்பர்கள் என்பதற்காகவே மாட்டிக்கொண்டவர்களையும் சேர்த்தால் 8.7 கோடி வரை என்று 2018-ல் முகநூலே ஒப்புக்கொண்டது. நீ யாருடைய பதிவை எடுத்தாலும் அவரிடம் கேட்டுவிட்டு எடு. மாட்டேன் என்றால் விட்டுவிடு.

அன்புடன்,
உன் மாமா