சித்திரையில் பார்த்த நிலம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இராமநாதபுரத்தில் சோலார் சைட்டில் சேர்ந்த முதல் மாதமே உன் அத்தை மகன் மடக்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய். “பேனல் செய்யவே எவ்வளவு கரி எரிக்கிறார்கள் தெரியுமா? இதைப் போய்ப் பசுமை என்கிறாயே” என்று அவன் கேட்க, நீ பதில் தெரியாமல் நின்றிருக்கிறாய். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் தொடங்கி, பிறகு சோலார் என்று எனக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. உனக்கு மட்டும் அல்ல, இந்தத் தொழிலுக்கு இப்போது வரும் உன் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவன் கேள்வி. பேனலுக்கான சிலிக்கானில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அந்த உலைகளுக்கு நிலக்கரி மின்சாரம் நிறையவே போகிறது. அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் உலை, கண்ணாடி, அலுமினியச் சட்டம் என்று தயாரிப்பின் செலவையெல்லாம் சேர்த்தே ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2014 அறிக்கையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியில் சுமார் 820 கிராம் கரியமில வாயு, பெரிய சோலார் நிலையத்தில் சுமார் 48, நிலத்தில் நிற்கும் காற்றாலையில் 11. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஒருமுறை போய் நில். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த அந்தச் சேறு காலில் ஒட்டினால் இந்தக் கணக்கு மறக்காது. நிலக்கரியைவிடச் சோலார் மோசம் என்று யார் சொன்னாலும் தயங்காமல் மறுத்துப் பேசு.

ஆனால் தம்பி, அந்த 48 என்ற எண்ணுக்குள் ஓடை இல்லை, ஆடு இல்லை, பறவை இல்லை. உன்னிடம் நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி என்று ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. வருடக்கணக்காகக் காற்றாலைகள் சுற்றும் இடம். அங்கே நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகளின் நடமாட்டம், இல்லாத பகுதியில் இருப்பதில் கால் பங்கு அளவுக்குத்தான் இருந்தது. பிடிக்க ஆளில்லாததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன. மனிதர் கிட்டே போனாலும் அவை லேசில் ஓடவில்லை, அச்சத்தில் சுரக்கும் ஹார்மோனும் குறைந்திருந்தது, உடம்பும் மெலிந்திருந்தது. வானத்தில் ஒரு நிழல் குறைந்தால் புல்லுக்குள் கிடக்கும் உயிரின் ரத்தம் வரை மாறுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து, கோபுரத்துக்கு இடம் பார்க்கும்போதெல்லாம் முதலில் அண்ணாந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன். உன் மாவட்டத்தில்தான்.

ஒரு நிறுவனத்துக்காக சர்வேக்குப் போனேன். சித்திரை மாதம். வெடித்துக் கிடந்த கரிசல், அங்கங்கே வேலிக்கருவை, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. ‘தரிசு, பயன்பாட்டில் இல்லை’ என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை தொடங்கியது. லாரி வர வேண்டுமே என்று கிராவல் கொட்டி, இரண்டடி உயரத்துக்குச் சாலை போட்டோம். ஐப்பசியில் மழை இறங்கியது. வெறும் பள்ளம் என்று நான் நினைத்த, முழங்கால் ஆழம்கூட இல்லாத அந்தத் தாழ்வு, பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால். தண்ணீர் சாலையில் முட்டித் திரும்பி, பேனல் வரிசைக்குள் தேங்கியது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தோளில் மண்வெட்டியோடு வந்தார். சத்தம் போடவில்லை. சாலையோரம் குத்தவைத்து உட்கார்ந்து, தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடியே, “இது எங்க கம்மாய்க்குப் போற தண்ணி, சார்” என்றார். சாலைக்கு அடியில் குழாய் பதிக்க அனுமதி கேட்டு அன்றைக்கே எழுதினேன். ஒப்புதல் வருவதற்குள் தை பிறந்துவிட்டது. அந்த வருடம் அந்த ஊரில் நெல் பால் பிடிக்கவில்லை.

சித்திரையில் அந்த நிலத்தில் நீரும் இருக்காது, ஆடும் இருக்காது. கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போயிருப்பார்கள். மழைக்காலத்தில் ஊர் திரும்பும்போதுதான் இந்த மேய்ச்சல் அவர்களுக்கு வேண்டும். அவர்கள் ஊரில் இல்லாத மாதங்களாகப் பார்த்து நாம் நாடாவும் ஜி.பி.எஸ்.ஸும் எடுத்துப் போகிறோம். பிறகு யாரும் எதிர்க்கவில்லை என்று எழுதுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அனல்மின் நிலையத்துக்கு முன் அனுமதி வேண்டும். சோலார் பூங்காவுக்கும் காற்றாலைக்கும் அது கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாததால் அதன் பகுதியான மக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. அதனால் ஊர்க்காரர்களின் பேச்சு ஏறக்கூடிய காகிதம் பெரும்பாலும் நீ எழுதும் சர்வே படிவம் ஒன்றுதான். அதில் ‘தரிசு’ என்ற சொல்லை எழுதும்முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குள் போய்வா.

போனால், பட்டாவில் பெயர் உள்ளவரோடு நிறுத்திக்கொள்ளாதே. கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் குத்தகை என்று தொடங்கி எடுத்தார்கள். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு, மற்ற இடங்களும் பின்பற்றலாம் என்பேன். ஆனால் அதே வயல்களில் களை பறித்துக் கூலி வாங்கியவர்களுக்கு அந்தக் குத்தகையில் ஒரு ரூபாய் கிடையாது.

இனி உன் கைக்கே எட்டும் ஒரு விஷயம். உங்கள் யார்டில் நிற்கும் பிரேக்கர்களில் எஸ்.எஃப்.6 வாயு இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ஒரு கிலோ கசிந்தால் நூறாண்டுக் கணக்கில் சுமார் 23,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். போட்டுப் பார்த்தேன்: ஒரு மெகாவாட் பேனல் ஏறத்தாழ ஒரு வாரம் வெயிலில் காய்ந்து மிச்சப்படுத்தியது அந்த ஒரு கிலோவில் போய்விடும். பிரஷர் இறங்கினால் சிலிண்டரை மாட்டி நிரப்பிவிட்டு நகர்வதுதான் நான் பார்த்த இடங்களில் வழக்கம். நீ அப்படிச் செய்யாதே. எத்தனை கிராம் ஏற்றினாய், எந்தத் தேதியில் என்று பதிவேட்டில் எழுது. அதே பிரேக்கர் இரண்டாம் முறை கேட்டால், கசியும் ‘சீல்’ மாற்றப்படும் வரை விடாதே.

உடைந்த பேனல்களையும் எண்ணி, கூரைக்கு அடியில் வை. 2022 மின்கழிவு விதிகளுக்குள் பேனலும் வந்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்காரரிடம் போனால், அவர் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு, ஈயப் பற்று உள்ள மிச்சத்தை ஓடையில் தள்ளிவிடுவார்.

அடுத்த மாதம் முதுகுளத்தூர் பக்கம் புது இடம் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். போய்வா, ஆனால் அறிக்கையை அதோடு முடித்துவிடாதே. கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொருமுறை போக அனுமதி கேள். பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் போகும் பக்கமே நடந்து போ. எந்தக் கண்மாயில் போய் நிற்கிறதோ அதுவரை வரைபடத்தில் நீல மையால் கோடு போட்டு, ஒரு நகலை எனக்கும் அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்