நரம்பியல் உளவியல் சோதனையில் இணக்கம்: சோதிப்பவருக்கான படிமுறைகள்

தலைக்காயம், பக்கவாதம், மறதிநோய் போன்றவற்றால் நினைவு, கவனம், மொழி ஆகிய திறன்கள் எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பதை அளந்தறிவது நரம்பியல் உளவியல் சோதனை எனப்படும். சோதிக்கப்படுபவர் அச்சமின்றித் தம்மால் இயன்றதை முழுமையாகச் செய்வதற்கு ஏற்ற நம்பிக்கையே இங்கு இணக்கம் எனப்படுகிறது. அது குறைந்தால் பதற்றத்தால் நேர்ந்த தடுமாற்றமும் மூளைக் குறைபாடாகக் கணக்கில் ஏறிவிடும்; வரம்பு மீறினால் உதவியால் கிடைத்த விடையும் திறனாகப் பதிவாகிவிடும்.

1. முன்னேற்பாடு: கண்ணாடி, செவித்துணைக் கருவி ஆகியவற்றை அவர் அணிந்துள்ளாரா, முந்தைய இரவு உறங்கினாரா, எம்மொழியில் சரளமாகப் பேசுவார் என்பவற்றை முதலில் கேட்டறிய வேண்டும். உடன்வந்த உறவினர் அருகிலிருந்து அடியெடுத்துக் கொடுக்கக்கூடும் என்பதால், அவரிடம் தனியே விவரம் பெற்றபின் வெளியே அமரச் செய்வது முறை.

2. விளக்கம்: சோதனையின் நோக்கம், கால அளவு, முடிவுகளை அறியவிருப்போர் ஆகியவற்றைக் கூறி ஒப்புதல் பெறுவதோடு, எல்லா வினாக்களுக்கும் எவரும் சரியாக விடையளிப்பதில்லை என்பதையும் தெரிவிக்க வேண்டும். லேசான தலைக்காயம் அடைந்தவர்களிடம் சூர், கன்ஸ்டாட் என்னும் ஆய்வாளர்கள் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அக்காயத்தை முன்னிட்டே சோதிக்கப்படுவதாகச் சொல்லப்பட்டவர்கள், அவ்வாறு சொல்லப்படாதவர்களைவிடச் சில சோதனைகளில் பின்தங்கினர். ஆகவே விளக்கத்தில் குறைபாட்டை வலியுறுத்தலாகாது.

3. சோதனை நடத்துதல்: அறிவுறுத்தல்களைக் கையேட்டின் சொற்களிலேயே கூற வேண்டும். எண்வரிசையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் நொடிக்கு ஓர் எண் என்பதே விதி. இரக்கத்தால் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொன்னால், ஒத்த வயதினரின் மதிப்பெண்களைத் தொகுத்து உருவாக்கிய நியமங்களோடு அம்மதிப்பெண்ணை ஒப்பிட இயலாது. விடை சரியாயினும் தவறாயினும் குரல் மாறாமல், முயற்சியை மட்டுமே பாராட்ட வேண்டும்.

4. ஓய்வு: உரையாடலுக்கும் ஆறுதலுக்கும் உரிய இடம் சோதனைகளுக்கு இடைப்பட்ட நேரமே. எனினும் சொற்பட்டியலைக் கற்பித்து 20 முதல் 30 நிமிடங்கள் கழித்து நினைவுகூரச் செய்யும் சோதனை நிலுவையில் இருக்கையில், அக்கால அளவு நீளாதவாறு ஓய்வை அமைக்க வேண்டும்.

5. பதிவு: களைப்பு, அழுகை, மறுப்பு ஆகியவை தோன்றினால் சோதனையை நிறுத்திப் பிறிதொரு நாளில் தொடரலாம். எந்தச் சோதனையின்போது அவை தோன்றின, நடைமுறையில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பவற்றை அறிக்கையில் குறித்தால்தான், அதைப் படிக்கும் மருத்துவர் குறைந்த மதிப்பெண்ணை உரிய எச்சரிக்கையோடு எடைபோட முடியும்.