குழிக்குள் ஒரு வீடு

தை மாதம். டெல்லியில் கடுங்குளிர். தெருவோரத்தில் சுள்ளி எரித்துக் குளிர் காய்கிறார்கள். பிழைப்பு தேடி டெல்லிக்கு வந்த தமிழர்களுக்கு இந்தக் குளிர் நன்றாகத் தெரியும். டெல்லிக்கும் வடக்கே உள்ளது காஷ்மீர். அங்கே பனியே கொட்டும். செங்கல்லும் சிமெண்டும் இல்லாத காலத்தில் அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஸ்ரீநகருக்கு அருகில் ஒரு மேட்டு நிலம். அதன் பெயர் புர்சஹோம். இந்தியத் தொல்லியல் துறையினர் 1960 முதல் 1971 வரை அங்கே தோண்டினார்கள். மண்ணுக்குள் வட்டமான குழிகள் தெரிந்தன. வாய் குறுகல். அடிப்பக்கம் அகலம். மிக ஆழமான குழி சுமார் 13 அடி. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல்! சுவரில் மண் பூசியிருந்தது. இறங்குவதற்குப் படி வெட்டியிருந்தது. உள்ளே சாம்பலும் கரியும் கிடந்தன. கல் அடுப்பும் இருந்தது.

ஏன் குழி? மார்கழி மாதம் கிணற்றில் நீர் இறைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். மண்ணுக்கு அடியில் குளிர் அவ்வளவாக இறங்காது. அதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள்.

சரி, கூரை எங்கே? மரமும் புல்லும் 4,000 ஆண்டுகள் நிற்குமா? மக்கிப் போய்விட்டன. ஆனால் குழியின் வாயைச் சுற்றிச் சிறு துளைகள் இருந்தன. அவை கம்பு நட்ட இடங்கள். கம்பு மக்கினாலும் அந்த இடத்து மண் நிறம் மாறி நிற்கும். அதை வைத்துத்தான் கூரை இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். குடிசை போனாலும் அதன் தடம் போகவில்லை.

இவை வீடுகள் அல்ல, தானியம் சேமித்த குழிகள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சேமிப்புக் குழிக்கு அடுப்பு எதற்கு? பனிக்காலத்திலாவது ஆட்கள் உள்ளே இருந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

பிறகு வந்த தலைமுறையினர் தரைக்கு மேலே மண் வீடு கட்டினார்கள். இறந்தவர்களோடு சில நேரம் நாயையும் சேர்த்துப் புதைத்தார்கள். எலும்பில் ஊசி செய்தார்கள். கோதுமை, பார்லி விளைவித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள பையம்பள்ளி. 1960-களில் அங்கேயும் தோண்டினார்கள். குடிசைக் குழிகளும் கம்பு நட்ட துளைகளும் தெரிந்தன. அங்கே பனி இல்லை. ஆனாலும் குழி வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். கல் கோடரிகள் கிடைத்தன. கருகிய தானியமும் கிடைத்தது. என்ன தானியம் தெரியுமா? கொள்ளும் பாசிப்பயறும்.